டெக்சஸ் அரசுக் கல்லூரிகளின் 42 கிரெடிட் கோர் பாடத்திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸ் மாநிலத்தின் அரசுக் கல்லூரியில் எஞ்சினியரிங் படித்தாலும் சரி, இசை படித்தாலும் சரி, இளங்கலைப் பட்டம் வாங்க 42 கிரெடிட் அளவுக்குப் பொதுப் பாடங்களை முடித்தாக வேண்டும். இதைத்தான் கோர் என்கிறார்கள். மாநிலச் சட்டமே இப்படிக் கட்டளையிடுவதால் கல்லூரி நினைத்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. கம்யூனிட்டி காலேஜில் (முதலிரண்டு ஆண்டுப் படிப்புக்கான உள்ளூர் அரசுக் கல்லூரி) தொடங்கிப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களும், ஹைஸ்கூலிலேயே டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்ந்தே கணக்கில் வரும் பாடங்கள்) எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரும்தான் இதில் அதிகம் குழம்புகிறார்கள். ஒரு செமஸ்டர் வீணானால் இழப்பும் அவர்களுக்குத்தான். அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

டெக்சஸ் கல்விச் சட்டத் தொகுப்பின் 61ஆம் அத்தியாயத்தில், 61.821 முதல் வரும் பிரிவுகளில் இருக்கிறது. ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் ஒரு கோர் இருக்க வேண்டும் என்று 1987இலேயே ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தனக்குத் தோன்றியபடி ஒன்றை வகுத்துக்கொண்டதால், கல்லூரி மாறிய மாணவர்கள் படித்ததையே மறுபடி படிக்க நேர்ந்தது. 1997இல் வந்த செனட் மசோதா 148 இதைச் சரிசெய்தது. கோர் குறைந்தது 42 கிரெடிட் இருக்க வேண்டும், ஓர் அரசுக் கல்லூரியில் முடித்த கோரை மற்றெல்லா அரசுக் கல்லூரிகளும் ஏற்க வேண்டும் என்று அது சொன்னது. விதிகளை வகுத்து மேற்பார்வை செய்வது டெக்சஸ் உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியம். இப்போதைய ஒன்பது பிரிவு அமைப்பு 2014 இலையுதிர் செமஸ்டரிலிருந்து நடைமுறையில் உள்ளது.

42 கிரெடிட் எப்படிப் பிரிகிறது?

வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலான பாடங்கள் 3 கிரெடிட்.

எழுத்தும் பேச்சும் சேர்ந்த தொடர்பாடல் 6, கணிதம் 3, உயிரியல் மற்றும் இயற்பியல் சார்ந்த அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, படைப்புக் கலைகள் 3, அமெரிக்க வரலாறு 6, அரசாங்கம் 6, சமூக மற்றும் நடத்தை அறிவியல் 3. இவை 36. மீதி 6 கிரெடிட்டை எதற்கு ஒதுக்குவது என்று கல்லூரியே தீர்மானித்துக்கொள்ளலாம். பல கல்லூரிகள் மேடைப் பேச்சை இங்கே வைக்கின்றன. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்கான சிக்னேச்சர் வகுப்பை இங்கே வைத்திருக்கிறது.

இந்த ஒன்பது பிரிவுகளுக்கும் 010 முதல் 090 வரை பத்துப் பத்தாக எண்கள் உண்டு. தொடர்பாடல் 010, கணிதம் 020, இதே வரிசையில் போய்க் கல்லூரி விருப்பப் பிரிவு 090. இந்த எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள அதிகாரபூர்வப் பட்டியல்) வாசிக்கும்போது உதவும்.

பிரிவுகளும் கிரெடிட் அளவும் மாநிலம் முழுக்க ஒன்றுதான். எந்தப் பாடம் எந்தப் பிரிவில் செல்லும் என்ற பட்டியல் மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கோர் பற்றிய பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

வரலாற்றுக்கும் அரசாங்கத்துக்கும் மட்டும் 12 கிரெடிட் ஏன்?

இவை இரண்டுக்கும் தனிச் சட்டப் பிரிவுகள் உண்டு. 51.302 ஆறு கிரெடிட் அமெரிக்க வரலாற்றைக் கேட்கிறது. அதில் மூன்றை டெக்சஸ் வரலாறாகப் படிக்கலாம். 51.301 ஆறு கிரெடிட் அரசாங்கப் பாடத்தைக் கேட்கிறது. அமெரிக்க அரசியல் சாசனத்தோடு டெக்சஸ் மாநிலச் சாசனமும் அதில் வர வேண்டும்.

மாநிலச் சாசனம் பலருக்குப் பிற்பாடுதான் நினைவுக்கு வருகிறது. ஹைஸ்கூலில் ஏபி (கல்லூரி அளவிலான பாடங்களுக்கான பொதுத்தேர்வு) அமெரிக்க அரசாங்கத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், அந்தப் பிரிவே முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வில் டெக்சஸ் சாசனம் கிடையாது. அது வழக்கமாகக் கூட்டாட்சி அரசாங்கம் (அரசாங்கம் 2305) என்ற ஒரு பாடத்துக்கு மட்டுமே ஈடாகும், டெக்சஸ் அரசாங்கம் (2306) பாக்கி நிற்கும். வேறு மாநிலக் கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதிதான். டெக்சஸ் பகுதிக்கு மட்டும் தனித்தேர்வு வைக்கும் கல்லூரிகளும் உண்டு. முதல் செமஸ்டரிலேயே விசாரித்துவிடுங்கள்.

கோர் கணிதத்துக்கு எந்தப் பாடத்தை எடுக்கலாம்?

உங்கள் மேஜரை (பட்டத்துக்கான முதன்மைத் துறை) பார்த்து எடுங்கள். எது சுலபம் என்று பார்த்து எடுத்தால் பின்னால் சிக்கல் வரும். கம்யூனிட்டி காலேஜ்களில் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும்: காலேஜ் அல்ஜீப்ரா (கணிதம் 1314), வணிகம் மற்றும் சமூக அறிவியலுக்கான கணிதம் (1324), அன்றாட வாழ்க்கைக்கான கணிதம் (1332), புள்ளியியல் (1342). நான்கும் 020 பிரிவை நிறைவு செய்யும். ஆனால் நான்கும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகாது.

எஞ்சினியரிங், கணினி அறிவியல், இயற்பியல் போகிறவர்களுக்குக் கால்குலஸ் (2413) வேண்டும். தயாராக இருந்தால் நேரே அதையே எடுக்கலாம், பெரும்பாலான கல்லூரிகளில் அது கோர் பட்டியலிலேயே இருக்கும். தயாராக இல்லாவிட்டால் அல்ஜீப்ராவில் தொடங்கி பிரீகால்குலஸ் வழியாகப் போக வேண்டும். வணிக மாணவர்களுக்கு 1324, அதன் பிறகு வணிகக் கால்குலஸ். உளவியல், நர்சிங், சமூகவியல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் புள்ளியியல். 1332 என்பது மேற்கொண்டு கணிதம் தேவைப்படாத மேஜர்களுக்கு.

டூயல் கிரெடிட்டில் 1332 முடித்த மாணவர் பிறகு எஞ்சினியரிங் போக நினைத்தால் என்ன ஆகும்? கோர் கணிதம் முடிந்ததாகவே இருக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கால்குலஸுக்கு முந்தைய பாடங்களை இனிமேல்தான் எடுக்க வேண்டும். கால்குலஸ் இல்லாமல் எஞ்சினியரிங் இயற்பியல் எடுக்க முடியாது, இயற்பியல் இல்லாமல் ஸ்டாட்டிக்ஸ் (நிலையியல்) எடுக்க முடியாது. ஒரு பாடம் தவறினால் அதன் பின்னால் நிற்கும் வரிசை முழுதும் ஓராண்டு தள்ளிப்போகும்.

அறிவியலிலும் இப்படி வித்தியாசம் உண்டா?

உண்டு. உயிரியல் 1406 அறிவியல் மேஜர்களுக்கானது, 1408 மற்றவர்களுக்கானது. இரண்டும் 030 பிரிவுக்குச் செல்லும். மருத்துவம் நோக்கிப் போகும் மாணவர் 1408 எடுத்தால் 1406ஐ மறுபடி எடுக்க நேரும். இயற்பியலில் 1401 அல்ஜீப்ரா அடிப்படையிலானது, 2425 கால்குலஸ் அடிப்படையிலானது. எஞ்சினியரிங் துறைகள் பின்னதைத்தான் கேட்கும்.

கூட்டல் கணக்கு ஒன்றையும் கவனியுங்கள். லேப் சேர்ந்த அறிவியல் பாடம் 4 கிரெடிட். இரண்டு எடுத்தால் 8, ஆனால் பிரிவுக்குத் தேவை 6. மிஞ்சும் 2 கிரெடிட்டை 090இல் சேர்க்கும் கல்லூரிகளும் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. கல்லூரியின் கேட்டலாக்கில் (பாட விவரக் கையேடு) 090க்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கோர் முழுவதையும் முடித்துவிட்டு மாறினால் என்ன பலன்?

சட்டம் தரும் முழுப் பாதுகாப்பும் இவர்களுக்குத்தான். பிரிவு 61.822இன்படி, ஓர் அரசுக் கல்லூரியில் 42 கிரெடிட் கோரை முடித்தவரின் பாடத்தொகுப்பை, போய்ச் சேரும் அரசுக் கல்லூரி தன் கோருக்குப் பதிலாக அப்படியே ஏற்க வேண்டும். கூடுதல் கோர் பாடம் எடுக்கச் சொல்ல முடியாது. 42க்கு மேற்பட்ட பெரிய கோருக்கு வாரியத்தின் ஒப்புதல் பெற்ற கல்லூரி மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

உங்கள் 040 பாடம் புதிய கல்லூரியின் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒன்றும் கெடாது. முதல் கல்லூரியின் பட்டியல்தான் செல்லும்.

பாதியில் மாறினால்?

முடித்த ஒவ்வொரு கோர் பாடத்துக்கும் கிரெடிட் கிடைக்கும். ஆனால் மீதியை முடிக்கும்போது புதிய கல்லூரியின் கோர் விதிகள் பொருந்தும்.

ஒரு கணக்கு. ஒரு மாணவர் 39 கிரெடிட் கோர் முடித்து, படைப்புக் கலைகளில் 3 கிரெடிட் மட்டும் பாக்கி வைத்து மாறுகிறார். பழைய கல்லூரியில் 090க்கு அவர் எடுத்தது ஓர் உளவியல் பாடமும் ஒரு கணினிப் பாடமும். புதிய கல்லூரியோ 090இல் மேடைப் பேச்சைக் கட்டாயமாக வைத்திருக்கிறது. இப்போது அவர் கலைப் பாடத்தோடு பேச்சுப் பாடத்தையும் எடுக்க நேரலாம். கிளம்புவதற்கு முன் பழைய கல்லூரியிலேயே அந்த ஒரு கலைப் பாடத்தை முடித்திருந்தால், பேச்சுப் பாடத்தைக் கோருக்காகக் கேட்கவே முடியாது. முழுத் தொகுப்புக்கும் முக்கால் தொகுப்புக்கும் சட்டத்தின் பார்வையில் அவ்வளவு தூரம்.

எல்லாக் கிரெடிட்டும் டிரான்ஸ்ஃபர் ஆயிற்று என்றார்கள். பிறகு ஏன் கூடுதல் செமஸ்டர்?

கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு, அது பட்டத்துக்குப் பயன்படுவது வேறு. ஏற்கப்பட்ட பாடம் பட்டத்துக்குள் எங்கும் பொருந்தாவிட்டால், டிரான்ஸ்கிரிப்டில் வெறும் விருப்பப் பாடமாக உட்கார்ந்திருக்கும். டெக்சஸில் இளங்கலைப் பட்டம் பொதுவாக 120 கிரெடிட். கோர் போக 78 கிரெடிட் மேஜருக்கும் அதன் முன்தேவைகளுக்கும் போகிறது. மேஜருக்குத் தேவையான அறிவியல், கணிதம், பொருளாதாரப் பாடங்களையே கோருக்கும் எடுத்தவர்களுக்கு ஒரே பாடம் இரண்டு தேவைகளை முடித்துவிடும். மற்றவர்கள் இரண்டு பாடம் படிப்பார்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. கீழ்நிலைப் பாடங்களில் (முதலிரண்டு ஆண்டுகளுக்கானவை) 66 கிரெடிட்டுக்கு மேல் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் குறைவு என்பதற்காக அங்கேயே 80 கிரெடிட் வரை சேர்த்துக்கொள்வது வீண் செலவாகிவிடலாம்.

பாட எண்ணையும் டிரான்ஸ்கிரிப்டையும் எப்படி வாசிப்பது?

மாநிலம் முழுவதற்குமான பொதுப் பாட எண் முறை ஒன்று உண்டு. நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் நிலை (1 முதலாண்டு, 2 இரண்டாமாண்டு, 0 ஆயத்தப் பாடம்), இரண்டாவது இலக்கம் கிரெடிட், கடைசி இரண்டும் பாடத்தின் அடையாளம். ஆங்கிலம் 1301 என்றால் முதலாண்டு, 3 கிரெடிட். சில பல்கலைக்கழகங்கள் சொந்த எண் முறையே வைத்திருக்கின்றன. ஆஸ்டினில் முதல் இலக்கம்தான் கிரெடிட்டைக் குறிக்கும். அத்தகைய இடங்களில் கேட்டலாக்கில் உள்ள ஒப்பீட்டு அட்டவணையைப் பாருங்கள்.

டிரான்ஸ்கிரிப்டில் எந்தப் பாடங்கள் கோருக்குச் சென்றன, கோர் முழுதும் முடிந்ததா என்று குறிப்பு இருக்க வேண்டும். கடைசி செமஸ்டர் மதிப்பெண் ஏறும் முன்பே டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பினால் அந்த “கோர் முடிந்தது” குறிப்பு இருக்காது, புதிய கல்லூரி உங்களைப் பாதியில் வந்தவராகவே கணக்கிடும். மதிப்பெண் ஏறிய பிறகு ஒரு முறை திறந்து பார்த்து, குறிப்பு இருக்கிறதா என்று உறுதி செய்து, இறுதிப் பிரதியை அனுப்புங்கள். ஏபி அல்லது வெளிக் கல்லூரிக் கிரெடிட்டால் கோர் நிறைவடைந்திருந்தால் இந்தக் குறிப்பு தானாக ஏறாமல் போவது உண்டு. ரிஜிஸ்டிரார் (பதிவாளர்) அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

டி கிரேடு செல்லுமா?

நம்ப வேண்டாம். மேஜருக்குத் தேவையான பாடத்தில் பல துறைகள் சி கேட்கின்றன, டிரான்ஸ்ஃபரில் டி மறுக்கப்படவும் கூடும். கோர் பாடம் எதிலும் சி கிரேடுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஏபி, ஐபி (சர்வதேசப் பள்ளிப் படிப்புத் திட்டம்), டூயல் கிரெடிட் எல்லாம் கோருக்கு உதவுமா?

உதவும். 2015இல் வந்த சட்டப்படி, ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவருக்கு அரசுக் கல்லூரி கிரெடிட் தர வேண்டும். அதைவிட உயர்ந்த மதிப்பெண் தேவை என்று கல்லூரியின் தலைமைக் கல்வி அதிகாரி சான்றுகளோடு தீர்மானித்த பாடங்களில் மட்டும் விலக்கு. சில இடங்களில் இந்தக் கிரெடிட்டை மாணவரே விண்ணப்பித்துப் பெற வேண்டும். வாங்கிவிட்டால் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஆகவே முதலில் அட்வைசரிடம் பேசுங்கள்.

டூயல் கிரெடிட்டில் எடுப்பவை உண்மையான கல்லூரிப் பாடங்கள். அவற்றின் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும். பதினாறு வயதில் வாங்கிய டி கிரேடு மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்திலும் தெரியும். குடும்ப வருமானம் குறைந்த மாணவர்களுக்கு, மாநில உதவித் திட்டம் ஒன்றில் சேர்ந்த கல்லூரிகளில் டூயல் கிரெடிட் பாடங்கள் இலவசம். 2023இன் ஹவுஸ் மசோதா 8 இதற்கு வழிசெய்தது. பள்ளிக் கவுன்சலரிடம் கேளுங்கள்.

டூயல் கிரெடிட் மாணவர்கள் 15 கிரெடிட் சேர்ந்ததும், மற்றவர்கள் 30 கிரெடிட் சேர்ந்ததும் எந்தப் பாடங்களைப் படித்துப் பட்டம் முடிப்பது என்று காட்டும் பட்டத் திட்டம் ஒன்றைக் கல்லூரியில் பதிவு செய்ய வேண்டும். 2019இன் செனட் மசோதா 25 கொண்டுவந்த விதி இது. சடங்குக்கு ஒரு படிவம் நிரப்புவதாக நினைக்காமல், அந்தச் சந்திப்பில் கோர் பாடங்களை மேஜரோடு ஒன்றொன்றாகப் பொருத்திப் பாருங்கள்.

இந்தியாவிலோ வேறு மாநிலத்திலோ படித்த பாடங்கள்?

தொகுப்பாக ஏற்கும் கட்டாயம் டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்கு இடையில் மட்டும்தான். வெளியிலிருந்து வரும் பாடங்களைக் கல்லூரி ஒவ்வொன்றாக மதிப்பிட்டு, பிரிவின் உள்ளடக்கத்துக்குப் பொருந்தினால் மட்டும் கோரில் சேர்க்கும். தமிழ்நாட்டுக் கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு வருகிறவருக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் செல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்க வரலாறு, அரசாங்கம் ஆகிய 12 கிரெடிட்டும் பெரும்பாலும் புதிதாகவே எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்திடம் பொது மதிப்பீடு வாங்காமல், பாடவாரி மதிப்பீடு கேளுங்கள். பல்கலைக்கழக முத்திரையுள்ள பாடத்திட்ட நகலையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வாருங்கள். பாடப் பெயரை மட்டும் வைத்து இங்கே யாரும் முடிவு செய்ய மாட்டார்கள்.

கிரெடிட்டை மறுத்தால் என்ன செய்வது?

காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தருவது அவர்கள் கடமை. வாய்மொழி மறுப்பை வைத்து எதுவும் செய்ய முடியாது. கடிதம் கிடைத்ததும் இரு கல்லூரிகளின் டிரான்ஸ்ஃபர் அதிகாரிகளுக்கும் ஆட்சேபத்தை எழுதுங்கள். பாடத்தின் சிலபஸ், பாடம் எடுத்த ஆண்டின் கேட்டலாக் பக்கம், கோர் குறியீடு தெரியும் டிரான்ஸ்கிரிப்ட் மூன்றையும் இணையுங்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தீரவில்லை என்றால், மறுத்த கல்லூரியே விஷயத்தை உயர்கல்வி ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் முடிவே இறுதி. சிலபஸைக் கைவசம் வைத்திருப்பவர்களின் வழக்கு அந்த அளவுக்குப் போகாமலே தீர வாய்ப்பு அதிகம். ஆகவே ஒவ்வொரு செமஸ்டரிலும் சிலபஸைச் சேமித்துவையுங்கள்.

பாடத்தைக் கைவிட்டாலோ, கிரெடிட் அதிகமானாலோ?

2007 இலையுதிர் செமஸ்டரிலிருந்து சேர்ந்தவர்கள், இளங்கலைக் காலம் முழுவதும் எல்லா அரசுக் கல்லூரிகளும் சேர்த்து ஆறு பாடங்களைத்தான் கைவிடலாம். உடல்நலம், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. பட்டத்துக்குத் தேவையானதைவிட 30 கிரெடிட் தாண்டினால் கூடுதல் கட்டணம் வசூலிக்கவும் கல்லூரிக்கு உரிமை உண்டு. மேஜரைப் பலமுறை மாற்றுகிறவர்களைத்தான் இந்த விதி பாதிக்கிறது. ஏபி தேர்விலும் டூயல் கிரெடிட்டிலும் வந்தவை இந்தக் கணக்கில் சேராது.

தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்துமா?

இல்லை. ரைஸ், பேய்லர், எஸ்எம்யூ போன்றவை தங்கள் சொந்த விதிப்படி நடக்கும். உங்கள் பாடங்களை ஏற்கலாம், ஆனால் தொகுப்பாக ஏற்கும் கட்டாயம் இல்லை. கம்யூனிட்டி காலேஜ்களிலும் தொழில்சார் அசோசியேட் பட்டத்துக்கு (இரண்டாண்டுப் பட்டம்) முழுக் கோர் தேவையில்லை, 15 கிரெடிட் பொதுக்கல்வி போதும். பிறகு பல்கலைக்கழகம் போக எண்ணமிருந்தால் இந்த வித்தியாசத்தைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2025இல் வந்த சட்டம் கோரை மாற்றிவிட்டதா?

42 கிரெடிட் அப்படியே இருக்கிறது. செனட் மசோதா 37 மாற்றியது, பட்டியலின் மீது யாருக்கு அதிகாரம் என்பதை. முன்பு பாடங்களைத் தேர்வதில் பேராசிரியர் குழுக்களின் கை ஓங்கியிருந்தது. இப்போது நிர்வாகக் குழுக்கள் பொதுக்கல்விப் பாடங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஆய்வு செய்தாக வேண்டும். பல்கலைக்கழகங்களில் இந்தக் குழுவினரை நியமிப்பவர் ஆளுநர். ஃபுளோரிடாவில் இதே போக்கு முன்பே தொடங்கியது. அங்கே பொதுக்கல்வி 36 கிரெடிட். 2023இன் செனட் மசோதா 266க்குப் பிறகு, 2024 ஜனவரியில் அரசுப் பல்கலைக்கழகங்களின் கோர் பட்டியலிலிருந்து சமூகவியல் அறிமுகப் பாடம் நீக்கப்பட்டது. பாடத்தின் தரத்தை அதைக் கற்பிப்பவர்களே எடைபோடுவதுதான் சரி என்பது எங்கள் கருத்து. அரசியல் காற்று மாறும்போதெல்லாம் பட்டியல் மாறினால் அவதிப்படுவது நடுவில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள்.

மாணவர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. போன ஆண்டு கோரில் இருந்த பாடம் இந்த ஆண்டும் இருக்கிறதா என்று பதிவு செய்யும் நாளன்று பாருங்கள். நீங்கள் எடுத்தபோது பட்டியலில் இருந்தது என்பதற்குச் சான்றாக அந்த ஆண்டின் கேட்டலாக் பக்கத்தைச் சேமியுங்கள்.

ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. என்ன செய்யலாம்?

இலையுதிர் செமஸ்டருக்குத்தான் இடம் என்றால், கோடையில் பழைய கல்லூரியிலேயே அதை முடியுங்கள். கம்யூனிட்டி காலேஜ்கள் ஐந்து வாரக் கோடை வகுப்புகள் நடத்துகின்றன, கோர் பாடங்கள் பெரும்பாலும் ஆன்லைனிலும் கிடைக்கும். மதிப்பெண் ஏறும் தேதி பல்கலைக்கழகம் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும் தேதிக்கு முன்னால் வருகிறதா என்று பார்த்து, முதல் கோடைப் பகுதியிலேயே சேருங்கள். இரண்டாம் பகுதியில் சேர்ந்தால் மதிப்பெண் ஆகஸ்டில்தான் வரும், அதற்குள் இலையுதிர் வகுப்புகள் பல நிரம்பிவிடக்கூடும்.